வரைபடக் கணக்கும் வணிகர்களும்: எந்தக் கணினிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?



மளிகை வியாபாரத்தில் கொள்முதல் விலையைப் பற்றி நாம் இரவு பகலாகப் பேசுகிறோம். மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறையும் என்றால் எந்த ஊர் மண்டிக்கும் போன் போடுகிறோம். ஆனால் சரக்கு நம் குடோனை விட்டுக் கிளம்பிய பிறகு எந்த வழியாகப் போகிறது, எத்தனை கிலோமீட்டர் சுற்றுகிறது, போகும் வழியில் எத்தனை கடைகள் விட்டுப் போகின்றன என்பதைக் கணக்கில் எழுதுபவர்கள் நம்மில் மிகச் சிலரே. டீசல் செலவு மாதக் கடைசியில் மொத்தமாகத் தெரிகிறது. எந்த லைனுக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த விவரங்கள் எல்லாம் இன்று லைன் வண்டி ஓட்டுபவரின் தலையில் இருக்கின்றன. எந்தக் கடைக்கு எந்தச் சந்து வழியாகப் போவது, எங்கே வண்டியை நிறுத்துவது, மழைக்காலத்தில் எந்த ரோட்டைத் தவிர்ப்பது என்று அவருக்குத் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். மறுபுறம், மொபைல் போனில் ஆர்டர் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு கடையையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்துக்கொண்டுதான் வண்டி அனுப்புகின்றன. தலைமுறை தலைமுறையாக நாம் பழகிய ஊர் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. நம்முடைய பேரேட்டில் இல்லை.

இந்தக் குறையைப் போக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. கருவிகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றும். கணினி படித்த நம் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். எதை எதற்குத் தேர்ந்தெடுப்பது என்பதை வணிகர்களுக்குப் புரியும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேள்வி, பிறகு விவரம், கடைசியில் கருவி

பொன் நிறுக்கும் தராசில் புளி மூட்டையை ஏற்ற முடியாது. மூட்டைத் தராசில் பொன் நிறுத்தால் நஷ்டம் நமக்கே. ஆகவே என்ன நிறுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வரைபட வேலையில் வணிகர்களுக்கு வரும் கேள்விகள் மூன்று வகை.

ஒன்று, பார்ப்பது. நம் வாடிக்கைக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன? எந்தப் பக்கம் நெருக்கமாக இருக்கின்றன, எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது?

இரண்டு, அளப்பது. குடோனிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் எத்தனை கடைகள்? புவனகிரி லைனில் கிலோமீட்டருக்கு எவ்வளவு விற்பனை, ஸ்ரீமுஷ்ணம் லைனில் எவ்வளவு?

மூன்று, திரும்பத் திரும்பச் செய்வது. தினமும் காலையில் வரும் ஆர்டர்களை வைத்து எந்த வண்டிக்கு எந்தக் கடைகள், எந்த வரிசையில் என்று பிரிப்பது.

முதல் கேள்விக்கு நிரல் எழுதவே வேண்டாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். மூன்றாவதற்குத்தான் நிரல் எழுதும் கருவி தேவைப்படும். இந்த வேறுபாடு தெரியாமல் எடுத்த எடுப்பிலேயே பெரிய மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதுதான் வீண் செலவு.

நல்ல எடுத்துக்காட்டு ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சென்னையைச் சேர்ந்த வரைபட வல்லுநர் அருண் கணேஷ் ஓர் இணைய வரைபடத்தை உருவாக்கினார். பொதுமக்கள் தங்கள் தெருவைத் தொட்டால் அது நீர் நிற்கும் தெரு என்று பதிவாகும். 2,500க்கும் மேற்பட்ட சாலைகள் அவ்வாறு குறிக்கப்பட்டன. அதற்கு அடிப்படையாக இருந்தது, தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச வரைபடம். அங்கே கேள்வி ஒன்றே: எந்தத் தெருவில் தண்ணீர்? கேள்வி தெளிவாக இருந்ததால் கருவியும் எளிமையாக அமைந்தது. அந்தத் தெருக்கோடுகள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால் அவசரத்துக்கு உதவின என்பதையும் கவனிக்க வேண்டும்.

விவரம் சேர்ப்பது எப்படி?

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். வடக்கு தெற்காக அளப்பது அட்சரேகை, கிழக்கு மேற்காக அளப்பது தீர்க்கரேகை. நம் சேத்தியாத்தோப்பு சுமார் 11.4 அட்சரேகையிலும் 79.5 தீர்க்கரேகையிலும் உள்ளது. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நம் பகுதியில் சுமார் 109 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் மட்டும் எழுதினால் 11 கிலோமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். மூன்று இலக்கம் என்றால் சுமார் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். கடையைக் கண்டுபிடிக்க ஐந்து இலக்கம் தாராளம்.

நம் பகுதிக் கடைகளின் முகவரி "பிள்ளையார் கோயில் எதிரில்", "பழைய ரைஸ் மில் பக்கம்" என்றுதான் இருக்கும். இப்படிப்பட்ட முகவரிகளைக் கணினியிடம் கொடுத்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பலன் குறைவு. சரக்கு இறக்கப் போகும் பையன் கடை வாசலில் திறந்த வெளியில் நின்று போனில் இடத்தைப் பிடித்து எண்களை அனுப்பிவிடலாம். திறந்த வெளியில் சாதாரண போன் சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். கடைக்குள்ளே, தகரக் கூரைக்கு அடியில் நின்று எடுத்தால் தவறு கூடும்.

அஞ்சல் துறை 1972ஆம் ஆண்டு பின்கோடு கொண்டு வந்ததை நாம் அறிவோம். அதே துறை 2025ஆம் ஆண்டு மே மாதம் டிஜிபின் என்ற புதிய முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தரும் முறை இது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால் டிஜிபின்னைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். இரண்டையும் குறித்து வைப்பது நல்லது.

எங்கள் மண்டியில் நாங்கள் எழுதிவரும் பட்டியலின் தலைப்புகள் இவை: கடை எண், கடையின் பெயர், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, லைன், வண்டி நிறுத்தும் இடம், மழைக்கால வழி, இடம் எடுத்த தேதி. சாதாரண எக்செல் தாளே போதும். ஒரு கடைக்கு ஒரு வரி. ஒரு கட்டத்தில் ஒரு விவரம். இந்த ஒழுங்கு இருந்தால் கீழே சொல்லப்படும் எந்தக் கருவியிலும் ஏற்றலாம். ஒழுங்கு இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் பயன் இல்லை.

கருவிகள் ஒவ்வொன்றாக

கியூ.ஜி.ஐ.எஸ்.: 2002ஆம் ஆண்டு கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய மென்பொருள். இன்று உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். முற்றிலும் இலவசம். எக்செல் பட்டியலை ஏற்றினால் கடைகள் புள்ளிகளாகத் தெரியும். விற்பனைக்கு ஏற்ப வண்ணம் கொடுக்கலாம், வட்டம் போட்டு எண்ணலாம், அச்சிட்டுக் கல்லாப் பெட்டி பக்கத்தில் மாட்டலாம். மேலே சொன்ன முதல் இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இதுவே போதும். நிரல் எழுதத் தெரியாதவரும் சில நாள் பழகினால் கையாளலாம். பின்னால் தேவைப்பட்டால் இதற்குள்ளேயே பைத்தான் நிரலும் எழுதலாம்.

பைத்தான்: வேலை தினமும் திரும்ப வரும்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஜியோபாண்டாஸ் என்னும் துணைத் தொகுப்பு, எக்செல் தாளைப் போன்ற பட்டியலோடு இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஃபோலியம் என்னும் தொகுப்பு, விடையைத் தொட்டுப் பார்க்கக்கூடிய வரைபடமாக மாற்றித் தரும். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மொழி கற்றுக்கொடுக்க வேண்டுமானால் பைத்தானையே சொல்வோம். காரணம், வரைபடம் தவிர பில் கணக்கு, ஸ்டாக் பட்டியல், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது என்று கடையின் மற்ற வேலைகளுக்கும் அதே மொழி உதவும்.

ஆர்: நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் உருவாக்கிய மொழி. புள்ளியியல் கணக்குகளில் வல்லது. எஸ்.எஃப். என்னும் தொகுப்பு இதற்கு வரைபடத் திறனைத் தருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்து, அவருக்கு ஆர் ஏற்கெனவே தெரியுமானால், பைத்தானுக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. நம் கணக்குகளுக்கு இரண்டும் ஒன்றே.

போஸ்ட்ஜிஸ்: 2001ஆம் ஆண்டு கனடாவில் வெளிவந்தது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுக் களஞ்சியத்தோடு சேர்ந்து இயங்கும் இலவசக் கருவி. பல கவுன்டர்களிலிருந்து பல பேர் ஒரே சமயத்தில் விவரம் எழுதுவதாக இருந்தால் இது தேவை. ஒரு குடோன், ஒரு கணக்குப்பிள்ளை என்று இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். குடோன் காலியாக இருக்கும்போது இரண்டாவது குடோனுக்கு வாடகை கொடுப்பதற்கு ஒப்பாகும்.

லீஃப்லெட்: உக்ரைன் நாட்டவரான வொலொதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்டது. நம் வரைபடத்தைப் பிறருடைய போனில் காட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு. "எங்கள் வண்டி எந்தெந்த ஊருக்கு எந்தக் கிழமை வரும்" என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட விரும்புவோர் பயன்படுத்தலாம்.

வண்டி வழிக் கணக்கு

வண்டி வழியில் ஒரு நுட்பம் உண்டு. பத்து கடைகளுக்குப் போக வேண்டுமானால் அவற்றை வரிசைப்படுத்தும் வழிகள் 36,28,800. பதினைந்து கடைகள் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது கடினம். ஆகவே கணினி சில உத்திகளைக் கையாண்டு ஏறக்குறைய மிகச் சிறந்த வழியைத் தருகிறது. கூகுள் நிறுவனம் இலவசமாக வெளியிட்டுள்ள ஓ.ஆர்.டூல்ஸ் இவ்வேலையைச் செய்யும், பைத்தானிலிருந்தே இயக்கலாம். சாலைத் தூரம் கணக்கிட ஓ.எஸ்.ஆர்.எம். போன்ற இலவசக் கருவிகள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளை வைத்து வேலை செய்கின்றன. அவற்றை நம் கணினியிலேயே நிறுவிக் கொள்ளலாம்.

ஒரே வண்டி, பத்துப் பன்னிரண்டு கடைகள், எல்லாம் ஒரே ரோட்டில் என்றால் டிரைவரின் அனுபவமே போதும். மூன்று நான்கு வண்டிகள், அறுபது எழுபது கடைகள், ஒவ்வொரு வண்டிக்கும் எடை வரம்பு என்று வரும்போதுதான் இக்கருவிகளால் லாபம். அப்போதும் கணினி சொன்ன வழியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, டிரைவர் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்த பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவது

அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. அதன் ஆர்க்.ஜி.ஐ.எஸ். அரசுத் துறைகளிலும் பெரிய நிறுவனங்களிலும் புழங்கும் தரமான மென்பொருள். ஆனால் நம் அளவுக்கு அதன் கட்டணம் கட்டுப்படியாகாது. கூகுள் வரைபடத்தை நம் மென்பொருளோடு இணைக்கும் வசதியும் உண்டு. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுக்கு முன் ஒரு நாளைக்கு 25,000 முறை வரைபடத்தை இலவசமாகக் காட்ட முடிந்தது. 2018இல் அந்த முறை மாறி, கார்டு பதிவு கட்டாயமாகி, மாதம் 200 டாலர் அளவுக்கு மட்டும் சலுகை என்றானது. 2025 மார்ச்சில் அதுவும் மாற்றப்பட்டது. விலை வைப்பது அவர்கள் உரிமை; குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒரே சப்ளையரை நம்பிக் கடை நடத்தினால் அவர் விலை ஏற்றும்போது நாம் என்ன பாடுபடுவோம் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே எந்த மென்பொருள் விற்பவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் ஏற்றிய விவரங்களை நாளைக்கே எக்செல் தாளாக முழுமையாகத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா?" முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சறுக்கக்கூடிய இடங்கள்

முதலாவது, எண்களின் வரிசை. நாம் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். பல கருவிகள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் சேத்தியாத்தோப்பு மளிகைக் கடை வடதுருவத்துக்கு அருகே, நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிமலைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். ஏற்றியவுடன் புள்ளிகள் கடலூர் மாவட்டத்தில்தான் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, அளவை. பாகையில் இருக்கும் எண்களை அப்படியே கழித்தால் தூரம் வராது. மீட்டருக்கு மாற்ற வேண்டும். நம் பகுதி யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்தைச் சேர்ந்தது. மென்பொருளில் அதன் குறியீட்டு எண் 32644. இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். இணைய வரைபடங்களின் படத்தை அப்படியே அளந்தால் நம் பகுதியில் நூறு கிலோமீட்டர் 102 ஆகத் தெரியும். காஷ்மீரப் பகுதியில் அதுவே சுமார் 120 ஆகிவிடும்.

மூன்றாவது, காக்கை பறக்கும் தூரம். வெள்ளாற்றின் அக்கரையில் இருக்கும் கடை நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டராகத் தெரியலாம். பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்றிப் போனால் அதைவிடப் பல மடங்கு ஆகலாம். வட்டம் போட்டு எண்ணும் கணக்கில் இந்த உண்மை மறைந்துவிடும். லைன் பிரிக்கும்போது சாலைத் தூரத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

நான்காவது, உயரம். நாசாவின் விண்கலம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுத்த உயர அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து எங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடலாம் எனச் சிலர் கூறுவர். அந்த அளவுகளில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். மலைநாட்டுக்கு அது சிறு பிழை. வீராணம் ஏரியும் வெள்ளாறும் சூழ்ந்த நம் சமவெளியில் ஒரு மீட்டர் உயர்வுதாழ்வே ஒரு ரோடு மூழ்குமா, தப்புமா என்பதை முடிவு செய்கிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எந்த ரோடு முதலில் மூழ்கும் என்பதை உள்ளூர்க்காரர்களைக் கேட்டு எழுதுவதே சரி. எங்கள் பட்டியலில் "மழைக்கால வழி" என்று ஒரு தலைப்பு இருப்பது இதற்காகவே.

ஐந்தாவது, பெயர். சேத்தியாத்தோப்பையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஒரே ஊர் மூன்று பெயரில் இருந்தால் கணினி மூன்று ஊராக எண்ணும். ஊருக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. தமிழில் எழுதும்போது பழைய எழுத்துருக்களைத் தவிர்த்து யுனிகோடு முறையில் மட்டும் எழுத வேண்டும். பழைய எழுத்துருவில் எழுதியது வேறு கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும்.

சட்டமும் நம்பிக்கையும்

முன்பெல்லாம் தனியார் வரைபடம் தயாரிப்பதில் அனுமதிக் கெடுபிடிகள் இருந்தன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் முன்அனுமதி இன்றி வரைபட விவரங்களைச் சேகரிக்கவும் தயாரிக்கவும் வழிசெய்தன. பாதுகாப்பு தொடர்பான சில இடங்களின் விவரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. கடைகளையும் சாலைகளையும் குறிப்பதற்குத் தடையில்லை. இஸ்ரோ 2009ஆம் ஆண்டு தொடங்கிய புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்துவோர் அதன் பெயரை வரைபடத்தில் குறிப்பிட வேண்டும் என்பது விதி.

இன்னொன்றும் முக்கியம். கடையின் இடமும் அந்தக் கடைக்காரரின் பாக்கித் தொகையும் ஒரே வரைபடத்தில் இருக்கக் கூடாது. போன் மாறிப் போனாலோ, வேலையை விட்டுப் போகும் ஒருவர் கையில் சிக்கினாலோ, கடைக்காரர் நம் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். பாக்கி பேரேட்டிலேயே இருக்கட்டும். வரைபடத்தில் கடை எண் மட்டும் போதும். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்த மாதமே பத்து கடைகளின் இடத்தை எடுத்து எக்செல் தாளில் எழுதத் தொடங்குங்கள். ஒரு லைன் முடிந்ததும் கியூ.ஜி.ஐ.எஸ்.இல் ஏற்றிப் பாருங்கள். மூன்று மாத விற்பனையை அதனோடு சேர்த்து, எந்த லைனில் கிலோமீட்டருக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கிடுங்கள். அந்த வேலையை மாதந்தோறும் செய்ய வேண்டிய நிலை வரும்போது பைத்தானுக்குப் போகலாம். அதற்கு முன் நிரலுக்கு அவசரப்பட வேண்டாம்.

விருத்தாசலம், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், வடலூர் என்று நாற்புறமும் சாலைகள் பிரியும் ஊர் நம்முடையது. நெடுஞ்சாலை அகலமாகும்போது திரும்பும் இடங்கள் மாறுகின்றன. புதுக் கடைகள் வருகின்றன. இந்த மாற்றங்கள் வெளியூர்க் கணினிக்குத் தெரிய நாளாகும். தினமும் வண்டி அனுப்பும் நமக்கு அன்றைக்கே தெரியும். சங்க உறுப்பினர்கள் ஆளுக்கொரு லைனைப் பொறுப்பேற்றுச் சாலைகளையும் பாலங்களையும் மழைக்காலத்தில் மூழ்கும் இடங்களையும் பொதுவாக ஒரே வரைபடத்தில் குறித்து வைத்தால், தொழிலுக்கும் உதவும், வெள்ளக் காலத்தில் ஊருக்கும் உதவும். வாடிக்கையாளர் பட்டியலை அவரவர் தனியே வைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி உறுப்பினர்கள் விவாதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.